பாசம் 34 கிலோ: தட்டுத்தடுமாறும் நாயோடு குடித்தனம் நடத்த, அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

எங்கள் வீட்டு லேப்ரடாருக்குப் பூசணி என்று பெயர். கைக்குள் அடங்குகிற குட்டியாக வந்தபோது மஞ்சளாக, உருண்டையாக இருந்தான் என்று அம்மா வைத்தது. இப்போது நான்கு வயது, 34 கிலோ. வீட்டு மனிதர்கள் யாரைப் பார்த்தாலும் உயிரை விடுவான். தனக்கும் அவர்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. மதுரையில் மூன்று அறை வீடு, மூட்டுவலியோடு நடமாடும் அம்மா, எட்டு வயது மகள், வழுவழு டைல்ஸ். இதற்குள் நான்கு வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதையும், மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எப்போதிலிருந்து? குட்டியிலிருந்தே இப்படித்தான் என்றால் பெரும்பாலும் தரை, நகம், எடை, நம் பழக்கம் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. போன வாரம் வரை ஒழுங்காக நடந்தது, இப்போது தடுமாறுகிறது என்றால் மிதியடி வாங்கக் கிளம்பாதீர்கள். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். ஐந்து மாதத்திலிருந்து பத்து மாதம் வரையுள்ள பெரிய ரகக் குட்டிகளைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். கால் வளர்ந்துவிடும், அதைக் கையாளத் தெரிந்திருக்காது. கடன் வாங்கிய கால் மாதிரி நடக்கும். நொண்டல் இல்லாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை; மாடிப்படியில் மட்டும் ஓடவிட வேண்டாம்.

திரும்பும்போது பின்னங்கால் விரிந்து விழுகிறது

குக்கர் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் பூசணி ஹாலிலிருந்து புறப்படுவான். நேராக ஓடும்வரை ராஜநடைதான். பூஜை அலமாரி முனையில் திரும்பும்போது முன்பாதி சமையலறைக்கும் பின்பாதி வாசலுக்கும் போகும். அலமாரிக் கதவில் இடுப்பு மோதி, மணி தானாக அடிக்கும். "சாமிக்கு முன்னாடி இவன்தான் தெனமும் மணி அடிக்கிறான்" என்பார் அம்மா.

இடுப்பெலும்பில் ஏதோ குறை என்று பயந்திருந்தோம். ஒரு பொங்கலுக்குக் கிராமத்தில் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பழைய சொரசொரப்பான சிமென்ட் தரை. மூன்று நாளில் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. இதைவிட மலிவான பரிசோதனை எனக்குத் தெரியாது: மொட்டைமாடி, மண் தரை, சிமென்ட் வாசல், எங்காவது ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடி வீட்டுக்குள் மட்டும் விழுந்தால் கோளாறு தரையில். அங்கேயும் பின்னங்கால் இரண்டையும் ஒன்றுசேர்த்து முயல் மாதிரி குதித்தே ஓடினால், உட்கார்ந்து எழச் சிரமப்பட்டால், இடுப்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய ரகங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது அடிக்கடி காணும் குறை. அது குட்டிப் பருவத்திலேயே தலைகாட்டும் என்பதால், 'குட்டியிலிருந்தே இப்படித்தான்' என்கிற கணக்கில் அதை விட்டுவிடக் கூடாது.

கோளாறு தரையில்தான் என்று தெரிந்தால் முதலில் நகத்தைப் பாருங்கள். நாய் பாதத்தின் மெத்தையாலும் நகத்தாலும் தரையைப் பிடிக்கும். மண்ணில் நகம் ஊன்றும். டைல்ஸில் எங்கே ஊன்றுவது? நீண்ட நகம் தரையில் இடித்து, பாதத்தின் மெத்தை முழுதாகப் பதியாமல் தூக்கிவிடுகிறது. வழுக்குகிறதே என்று நாய் பயந்து நகத்தை இன்னும் இறுக்கும், இன்னும் வழுக்கும். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் நகம் நீளம் என்று அர்த்தம்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் ரோஜா நிறத்தில் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. மெலிதாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெகுநாள் வெட்டாமல் விட்ட நகத்தில் ரத்தக்குழாயும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை துளித்துளியாக வெட்டினால் அதுவும் மெல்லப் பின்வாங்கும். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை நுனியில் அழுத்திப் பிடியுங்கள். முதல் தடவை நான் பதறிக் கத்தியதில்தான் பூசணி அதிகம் பயந்தான், ரத்தத்துக்கு அல்ல.

அடுத்தது மிதியடி. வீடு முழுக்க விரிக்க வேண்டியதில்லை. அவன் ஓடும் தடத்தை ஒரு நாள் கவனித்து, திரும்பும் முனைகளில் மட்டும் போட்டோம். அடியில் ரப்பர் இருப்பதாக வாங்க வேண்டும். வெறும் துணி மிதியடி நாயையும் ஏற்றிக்கொண்டு பறக்கும், அதற்கு டைல்ஸே தேவலை. பழைய யோகா விரிப்பை வெட்டிப் போட்டதுதான் எங்கள் வீட்டில் நன்றாக உழைத்தது. வீட்டைத் துடைக்கும் திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினால் தரையில் மெல்லிய படலம் நிற்கும்; கடைசியாக வெறும் தண்ணீரில் ஒரு தரம் துடைத்தால் வழுக்கல் குறையும். பாத வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் நாய் படுத்த பிறகு தடவுங்கள். பொமரேனியன், ஸ்பிட்ஸ் மாதிரி முடிக்கார நாய் என்றால் விரலிடுக்கு முடியையும் கத்தரிக்க வேண்டும். ரப்பர் ஒட்டிய காலுறையும் வாங்கினோம். இரண்டு கழன்றது, ஒன்றைத் தின்றான், நான்காவது மகளின் பொம்மைக்குப் போனது.

எடையையும் பாருங்கள். விலா மீது விரலை லேசாக ஓட்டினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். தேடி அழுத்தினால்தான் கிடைக்கிறது என்றால் நாய் குண்டு. லேப்ரடாரின் பசி வெறும் நடிப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லேப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. அப்படிப்பட்டவை எடை கூடுதலாகவும் சாப்பாட்டின் மேல் அதிக நாட்டத்தோடும் இருக்கின்றன. அதனால் அந்த முகத்தைப் பார்த்து இட்லி போடுவதை நிறுத்துங்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாவம், அதுக்கு வியாதிங்கிற, பட்டினி போடச் சொல்றியாடா?" என்றார். அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

வால் எல்லாவற்றையும் தட்டிவிடுகிறது

நாயை மாற்ற முடியாது, மேசையை மாற்றலாம். வால் வீசும் உயரத்தை அளந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். எங்கள் வீட்டில் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டேகால் அடி வரை. அந்தப் பட்டைக்குள் உடையும் பொருள், சூடான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. டீபாய் மேல் காபி வைக்கும் பழக்கம் அன்றோடு போனது.

சிக்கல் நவராத்திரியில் வந்தது. கொலுவின் கீழ்ப்படி சரியாக வால் உயரம். கீழ்ப்படியில்தானே செட்டியார் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்? முதல் வருடம் பூசணி அவரை ஒரே வீச்சில் அரிசி பருப்போடு ஹாலின் மறுமுனைக்கு அனுப்பினான். செட்டியாரம்மாளுக்கு மூக்கு போனது. மேல்படி மரப்பாச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் மரம்தானே. மறு வருடத்திலிருந்து சாப்பாட்டு மேசை மேல் மூன்று படி, அவ்வளவுதான். கார்த்திகை தீபத்துக்கு இந்தச் சமாதானம் கிடையாது. தரையில் அகல் எரியும் நேரம் முழுக்க நாய் வேறு அறையில், கதவு சாத்தி, உடன் ஒரு ஆள். எண்ணெயும் நெருப்பும் வாலும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

சுவரில் ரத்தத் தெறிப்பு

ஒரு மார்கழிக் காலையில் எழுந்து வந்தால் ஹால் சுவரில் தொடை உயரத்துக்கு ரத்தப் புள்ளிகள், விசிறி விரித்த மாதிரி. நடைபாதைச் சுவரில் இன்னும் அதிகம். பூசணியின் வாயைத் திறந்து பார்த்தோம், காதைப் பார்த்தோம், நான்கு பாதத்தையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தோம். எல்லோரும் தன்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்ட சந்தோஷத்தில் அவன் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான். மகளின் வெள்ளைச் சட்டையில் புதிதாக நாலைந்து சிவப்புப் புள்ளி விழுந்தபோதுதான் புரிந்தது. வாலின் நுனியில் ஒரு கடுகளவு வெடிப்பு. குறுகலான நடைபாதையில் இரண்டு சுவரிலும் மாறி மாறி அடித்து அடித்து வந்தது.

இது லேப்ரடார், கிரேட் டேன் போன்ற நாய்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. காயம் சிறியது, ஆறுவதுதான் பெரும்பாடு. வால் நுனியில் சதையில்லை, தோல் மெலிது, ஆறிவரும்போது மறுபடி சுவரில் அடித்துத் திறந்துவிடும். சுத்தமான துணியால் ஐந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். பிறகு மருத்துவரிடம் காட்டிக் கட்டுப் போட வேண்டும். நாமாகக் கட்டினால் அவிழ்ந்துவிடுமோ என்று இறுக்கிக் கட்டுவோம். ரப்பர் பேண்டு போடுகிறவர்களும் உண்டு. ரத்த ஓட்டம் நின்றால் நுனி அழுகிவிடும். எங்களுக்குக் கைகொடுத்தது ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம். ஒரு சாண் துண்டு வெட்டி, கட்டின் மேல் தளர்வாக மாட்டி, வாலின் முடியோடு சேர்த்து மேல்பக்கம் மட்டும் பிளாஸ்திரி ஒட்டினார் மருத்துவர். சுவரில் அடித்தால் 'தொப் தொப்' என்று சத்தம் வரும், காயத்துக்குப் படாது. நடைபாதைக்கு அட்டை வைத்து மறித்தோம். வேலை முடிந்து வந்ததும் கொஞ்சுவதை வாசலிலேயே, திறந்த இடத்தில் முடித்தோம். ஆற ஐந்து வாரம் ஆனது. ஆறவே ஆறாத சில நாய்களுக்கு நுனியை அறுவை செய்து எடுக்க வேண்டிவரும். அதனால் முதல் வாரத்திலேயே கவனியுங்கள்.

ஆளைக் கண்டால் மேலே பாய்கிறது

பாய்வது அன்புதான், முகத்தருகே வரப் பார்க்கிறது. பாய்ந்ததும் நாம் தொடுகிறோம், பேசுகிறோம், கையால் தள்ளுகிறோம். தள்ளுவதும் அதற்கு விளையாட்டுத்தான். ஆக, பாய்ந்தால் கவனம் கிடைக்கும் என்று நாம்தான் பாடம் நடத்தியிருக்கிறோம்.

வீட்டுக்கு ஒரே சட்டம் போட்டோம்: நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தொடுவது. பாய்ந்தால் பேச்சில்லை, பார்வையில்லை. உடம்பைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். கால் இறங்கிய நொடியில் குனிந்து நெஞ்சுப் பக்கம் தடவ வேண்டும். உட்காரச் சொல்லிப் பழக்கினால் இன்னும் நல்லது, உட்கார்ந்துகொண்டே பாய முடியாது. முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொல்லும் பழைய யோசனை வேண்டாம். விலாவில் அடிபடும், சில நாய்கள் ஆளைக் கண்டே பயப்பட ஆரம்பிக்கும். முதல் மூன்று நான்கு நாள் முன்பைவிட மோசமாகப் பாயும். இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் முயன்று பார்க்கிறது. பலர் அந்த இடத்தில்தான் கைவிட்டு, 'இது திருந்தாது' என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் சட்டத்தை உடைத்தவர் என் மச்சான். வாரக்கடைசியில் வந்து இரண்டு கையையும் விரித்து "வாடா என் சிங்கம்" என்பார். ஒரு வாரப் பாடம் ஒரு நிமிடத்தில் போகும். கடைசியில் மகள்தான் சொன்னாள்: "மாமா, நீங்க அவனைக் கெடுக்கிறீங்க. ஆச்சி மேலயும் இப்படித்தான் பாய்வான்." அதன் பிறகு மச்சான் வந்தால் முதலில் நாற்காலியில் உட்காருவார், பூசணி கயிற்றோடு வருவான். சட்டத்துக்குக் கட்டுப்படாத விருந்தாளி இருந்தால் நாயைக் கட்டுங்கள், விருந்தாளியைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

பெரியவர்கள் நாயால் விழுகிறார்கள்

இதை மட்டும் சிரித்துவிட்டுப் போக முடியாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001 முதல் 2006 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்ததில், நாய் பூனைகளால் விழுந்து அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 86,000-க்கும் மேல் என்று கணக்கிட்டது. பெரும்பகுதி நாயால்தான். தடுக்கி விழுவது, கயிறு இழுத்து விழுவது, இவைதான் முக்கியக் காரணங்கள்.

அம்மா விழுந்தது பூசணி பாய்ந்ததால் அல்ல, படுத்திருந்ததால். இரவு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தார். அவர் அறை வாசலில் குறுக்கே படுப்பது இவன் வழக்கம். கால் பட்டதும் இவன் திடுக்கென எழுந்தான். நல்லவேளை, கட்டில் கால் கைக்குக் கிடைத்தது. மணிக்கட்டில் வீக்கத்தோடு போயிற்று. மறுநாளே மூன்று காரியம் செய்தோம். அறையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு. வாசலுக்குப் பதிலாகக் கட்டிலுக்கு அந்தப்பக்கம் சுவரோரமாக அவனுக்குச் சாக்குப் படுக்கை; அம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறோம் என்பது அவனுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாவது, கழுத்துப் பட்டையில் ஒரு சின்னச் சலங்கை. மாடுகளுக்குக் கட்டுகிற கடையில் வாங்கினேன். அவன் எங்கே நகர்கிறான் என்று அம்மாவுக்கு இருட்டிலும் தெரியும்.

நின்றுகொண்டிருப்பவர் கால்மேல் முழு எடையையும் சாய்ப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நமக்குச் சுகமாக இருக்கும். மூட்டு பலவீனமானவர் தடுமாறுவார். அம்மா இப்போது நின்றபடி கொஞ்சுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான். நடைக்கு அழைத்துப் போவதும் அவர் வேலையில்லை. நடத்துகிறவர்களுக்கு: கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நெஞ்சுப் பக்கம் கொக்கி மாட்டுகிற சேணப்பட்டை வாங்குங்கள். இழுத்தால் நாய் தானாகப் பக்கவாட்டில் திரும்பிவிடும். கழுத்தை இறுக்கும் சங்கிலி தேவையில்லை.

தண்ணீர் குடித்தால் வீடு ஆறு

குனிந்து குடிப்பான், அரைவாசி வாயில் வைத்துக்கொண்டே நன்றி சொல்ல நம்மிடம் வருவான். ஈர டைல்ஸில் முதலில் விழுவது நாம், பிறகு அவன். கிண்ணத்தைப் பின்கட்டு வாசலுக்கு வெளியே வைத்து, உள்ளே நுழையும் இடத்தில் தடித்த கோணிப்பை போட்டோம். எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்ப்பதால் கல் தொட்டிக்கு மாறினோம், பாதி மட்டும் நிரப்புவோம். வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடித்தால் அது வேறு சங்கதி. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 30 கிலோ நாய் தினமும் மூன்று லிட்டரைத் தாண்டிக் குடித்தால், சிறுநீரகம், சர்க்கரை, பெண் நாயானால் கர்ப்பப்பை எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கையைக் கவ்வுகிறது, நகம் கீறுகிறது

லேப்ரடார், வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக் கொண்டுவர வளர்த்த இனம். அன்பு மிகுந்தால் ஏதாவது கவ்வ வேண்டும். வாசலருகே ஒரு பழைய செருப்போ கயிறோ வைத்திருந்து கைக்குப் பதில் அதைக் கொடுங்கள். பல்லோ நகமோ தோலைக் கீறிவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, டாக்டரைக் கேட்டுவிடுங்கள். 'நம்ம நாய்தானே' என்ற சலுகை ரேபிஸுக்குக் கிடையாது. நாயின் தடுப்பூசி அட்டை தேதி தவறாமல் இருக்க வேண்டும்.

நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று தடுமாறுகிறது

இங்கே வீட்டு வைத்தியம் இல்லை. எதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான்.

வேகமாகத் திரும்பிய பிறகு ஒரு பின்னங்காலை ஊன்றாமல் விரல் நுனியால் மட்டும் தொடுகிறது: முட்டி ஜவ்வு கிழிந்திருக்கலாம். எடை கூடிய லேப்ரடாருக்கு இது சாதாரணமாக வருவது. ஒரு வயதுக்குட்பட்ட பெரிய ரகக் குட்டி இந்த வாரம் ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால் என்று நொண்டினால் வளர்ச்சிக்கால எலும்பு வலியாக இருக்கலாம். அந்திப் பொழுதில் மட்டும் சாமான்களில் மோதுகிறது என்றால் கண். லேப்ரடார்களில் பரம்பரையாக வரும் ஒரு விழித்திரைச் சிதைவில் இரவுப் பார்வைதான் முதலில் போகும். கண்ணுக்கு முன்னால் ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் விழவிடுங்கள்; பார்வை அதைத் தொடர வேண்டும்.

தலை ஒருபக்கம் சாய்ந்து, கண்மணி இங்குமங்கும் ஆடி, ஒரே பக்கமாக விழுந்தால் காதின் உட்பகுதியிலோ சமநிலை நரம்பிலோ கோளாறு. வயதான நாய்க்குத் திடீரென வரும். பக்கவாதம் என்று பதறிவிடுவோம். பல நாய்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன, ஆனால் காரணத்தை மருத்துவர்தான் பிரிக்க வேண்டும். உண்ணி இருந்து, காய்ச்சலோடு ஈறு வெளுத்துத் தள்ளாடினால் ரத்தப் பரிசோதனை அன்றைக்கே. தடுப்பூசி போடாத குட்டி சளி, பேதிக்குப் பிறகு தசை துடித்துத் தள்ளாடினால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் சந்தேகம். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் எச்சில் ஒழுக, தாடை தொங்கி, பின்கால் தள்ளாட நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். ரேபிஸ் அப்படியும் வரும். அறையைச் சாத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆட்டியே பழகிய வால் ஒரு காலையில் நனைந்த துணி மாதிரி தொங்குகிறதா? முந்தின நாள் கிணற்றிலோ கண்மாயிலோ நெடுநேரம் நீந்தியதா என்று யோசியுங்கள். நீச்சல் நாய்களுக்கு வால் அடித்தசை பிடித்துக்கொள்ளும். ஓய்வில் சில நாட்களில் சரியாகிவிடும். வலி மருந்து மருத்துவர் எழுதியது மட்டும்தான். நம் பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் நாய்க்கு ஆகாது. ஈரலும் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

கிளம்பும் முன் வீட்டிலேயே மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்: வழுக்காத தரையில் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. புது இடம், புது ஆட்கள் என்ற பரபரப்பில் பூசணி மருத்துவர் அறையில் நொண்டவே மாட்டான். எக்ஸ்ரே, ஸ்கேன் தேவைப்பட்டு உள்ளூரில் இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. நடக்க முடியாத நாயைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பழைய போர்வையை நீளமாக மடித்து, அடிவயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி கொடுத்து, பின்பாதியை ஒருவர் தாங்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சைப் பிடித்து முன்னால் நடக்க வேண்டும். வலியில் இருக்கும்போது எந்தச் செல்ல நாயும் கடிக்கும், முகத்தை அதன் வாயருகே கொண்டுபோக வேண்டாம். ஆட்டோவில் சீட்டில் அல்ல, கால் வைக்கும் தரையில் அந்தப் போர்வையோடு படுக்க வையுங்கள். வளைவில் உருண்டு விழாது.